‘வாழ்ந்திருக்கிறார்’ என்றொரு வசை

படம் வெளியான வெள்ளிக்கிழமை மத்தியானத்துக்குள் ஒரு வாக்கியம் எப்படியும் நம் போனுக்கு வந்து சேர்ந்துவிடுகிறது. ‘இவர் நடிக்கவில்லை, வாழ்ந்திருக்கிறார்.’ எழுதுகிறவர் பாராட்டாகத்தான் எழுதுகிறார். சம்பந்தப்பட்ட நடிகரும் அதைப் பகிர்ந்து, கும்பிடு போடும் பொம்மை ஒன்றை வைக்கிறார். எனக்கு மட்டும் ஒவ்வொரு முறையும் எரிச்சல் வரும். நல்ல வெல்டரைப் பார்த்து ‘இவர் வெல்டிங் பண்ணல, வாழ்ந்திருக்கார்’ என்று யாரும் சொல்வதில்லை. நாதஸ்வரக்காரரிடம் போய் ‘நீங்க வாசிக்கவே இல்லைங்க’ என்றால் அடிக்க வருவார். நடிகனிடம் மட்டும், நீ உன் வேலையைச் செய்யவே இல்லை என்பதை உச்சபட்சப் பாராட்டாகச் சொல்கிறோம்.

இதே வழக்கின் மறுபாதி சென்னை–பெங்களூர் நெடுஞ்சாலையில், செம்பரம்பாக்கத்தில் இருக்கிறது. ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கம் வேலைக்குப் போகும் கம்பெனி பஸ்கள் பல அந்த ஃபிலிம் சிட்டியைத் தாண்டித்தான் போகின்றன. 2017-இல் தமிழில் தொடங்கிய ‘பிக் பாஸ்’ வீடு அங்கேதான் போடப்பட்டது. அந்த வீட்டுக்குள் போகிறவர்கள் நூறு நாள் வாழ்ந்தால் போதும். பார்க்கிற நாம் என்ன சொல்கிறோம்? ‘நடிக்கிறான்யா!’ ஆக, நடிக்கப் போனவன் வாழ்ந்தால் பரிசு, வாழப் போனவன் நடித்தால் எவிக்‌ஷன். இரண்டு இடத்திலும் ‘நடிப்பு’ என்ற சொல்லுக்குப் பொய் என்று மட்டும்தான் அர்த்தம். வீட்டில் அம்மா ‘நடிக்காதே’ என்று திட்டும்போது இருந்த அதே அர்த்தம். இந்த அர்த்தத்தோடு நடிப்பு விமர்சனம் எழுத உட்கார்ந்தால் என்ன கிடைக்கும்? எவ்வளவு கிலோ குறைத்தார், எத்தனை மாதம் தாடி வளர்த்தார், கிளிசரின் இல்லாமல் அழுதாரா? பட்ட பாட்டின் கணக்கு கிடைக்கும். செய்த வேலையின் கணக்கு கிடைக்காது.

நான் ஒரகடத்தில் அசெம்ப்ளி லைனில் வேலை பார்க்கிறவன். நடிப்பு எவ்வளவு கஷ்டம் என்பது எனக்குப் பிடிபட்டது எந்த நாடகப் பட்டறையிலும் இல்லை, ஆடிட் அன்றைக்குத்தான். வெளியாள் ஒருவர் கையில் அட்டையோடு வந்து நம் ஸ்டேஷனுக்கு எதிரே நிற்பார். கூடவே நம் சூப்பர்வைசர், அவருக்கு மேலே ஒருவர், அவருக்கும் மேலே ஒருவர். வந்தவர் சிரித்துக்கொண்டே சொல்வார்: ‘தினமும் பண்ற மாதிரியே பண்ணுங்க.’

அவ்வளவுதான், கை மறந்துவிடும். ஒரு ஷிப்டுக்கு நானூற்றுச் சொச்சம் முறை செய்யும் வேலை அது. பெட்டிக்குள் பார்க்காமலே கைவிட்டு நாலு ஸ்க்ரூவை எடுப்பேன், அஞ்சாவது வந்தால் விரலே தட்டிவிடும். டார்க் ரெஞ்ச் ‘க்ளிக்’ என்பதற்கு முன்பே மணிக்கட்டுக்குத் தெரிந்துவிடும். இத்தனையும் அன்றைக்கு மட்டும் அந்நியமாகிவிடும். ஸ்க்ரூவைப் பார்த்து எடுக்கிறேன். எடுத்ததை எண்ணுகிறேன். கை, கையைப் போல நடிக்க ஆரம்பிக்கிறது. நான் செய்வது என் சொந்த வேலை, என் சொந்த உடம்பு, வசனம்கூடக் கிடையாது. இருந்தும் வரவில்லை. பக்கத்து ஸ்டேஷன் பையன் இன்னும் மோசம், அவன் உற்சாகமாக வேலை செய்வதுபோல ஒரு முகத்தை வைத்துக்கொள்வான்.

இதைத்தான் நடிகன் தினமும் செய்கிறான், அதுவும் அடுத்தவனின் உடம்பில். பார்க்கிற கண் எதிரே இருக்கும்போது, கண் இல்லாதபோது செய்வதைச் செய்ய வேண்டும். அது எதிரே உட்கார்ந்திருப்பவருக்குப் போய்ச் சேரும்படியும் செய்ய வேண்டும். பத்தாவது டேக்கிலும் முதல் தடவையைப் போலச் செய்ய வேண்டும். ‘வாழ்வது’ இதற்கு உதவாது. ஆடிட் அன்றைக்கு நானும் வாழ்ந்துகொண்டுதான் இருந்தேன்.

பதினெட்டாம் நூற்றாண்டு பிரான்சில் தீதரோ இதைப் பற்றி ஒரு உரையாடல் நூல் எழுதி வைத்துவிட்டுப் போனார், அவர் இறந்து பல வருஷம் கழித்து 1830-இல்தான் அச்சானது. மேடையில் உண்மையாகவே உணர்ச்சிவசப்படும் நடிகர் முதல் நாள் பிரமாதப்படுத்துவார், மூன்றாம் நாள் காலியாகி நிற்பார் என்பது அவர் வாதம். வாதம் சரியா தப்பா என்று இருநூறு வருஷமாகச் சண்டை நடக்கிறது. ஆனால் எங்கள் பக்கத்தில் இந்தச் சண்டைக்கு முன்பே ஒரு விடை இருந்திருக்கிறது.

காஞ்சிபுரம், செய்யாறு, வந்தவாசி சுற்றுவட்டாரம் கூத்து நாடு. கட்டைக்கூத்து என்றும் தெருக்கூத்து என்றும் சொல்கிறார்கள், பெயர் பற்றியே ஒரு தனிக் கட்டுரை எழுதலாம். அந்த ஊர்களிலிருந்துதான் தினமும் கம்பெனி பஸ்கள் ஆள் ஏற்றிக்கொண்டு ஒரகடத்துக்கும் ஸ்ரீபெரும்புதூருக்கும் வருகின்றன. கூத்து ராத்திரி பத்து மணிவாக்கில் ஆரம்பித்து விடியும்வரை போகும். எங்கள் சி ஷிப்டும் பத்திலிருந்து ஆறு. இந்த ஒற்றுமையை எனக்குச் சொன்னவர் லோடிங் செக்‌ஷனில் காண்ட்ராக்டில் இருக்கும் ஒரு அண்ணன். சின்ன வயதிலிருந்து கூத்தாடுகிறவர். முதலில் பெண் வேஷம், குரல் தடித்த பிறகு கட்டை வேஷம். இப்போது துச்சாதனன். ‘ரெண்டும் ஒரே டூட்டிதான் தம்பி. இங்க ட்ரான்ஸ்போர்ட் குடுக்குறான், அங்க குடுக்க மாட்டான்’ என்றார்.

அந்த ராத்திரியில் ஒரு கூத்துக்காரர் செய்யும் வேலையைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். அரிதாரம் அவரே பூச வேண்டும். கல்யாண முருங்கை மரத்தில் செதுக்கி, கண்ணாடிச் சில்லு பதித்த கிரீடம், புஜக்கட்டை, மார்ப்பதக்கம் எல்லாம் கட்ட வேண்டும். இரண்டு பேர் பிடித்த திரைக்குப் பின்னாலிருந்து பாடிக்கொண்டே தன் வருகையைச் சொல்ல வேண்டும். திரை விலகியதும் அடவு, நடுவில் கிரிக்கி. அந்தச் சுற்று முடிந்த மூச்சிலேயே அடுத்த பாட்டை மேல் ஸ்தாயியில் எடுக்க வேண்டும். முகவீணை, ஹார்மோனியம், மிருதங்கம் மூன்றையும் காது பிடித்துக்கொண்டிருக்க வேண்டும். கட்டியக்காரன் அன்றைய ஊர் வம்பை இழுத்து ஏதாவது கேட்பான். அதற்குத் துச்சாதனனாகவும் பதில் சொல்ல வேண்டும், ஊர்க்காரனாகவும் பதில் சொல்ல வேண்டும். ராத்திரி மூணு மணிக்கு முன்வரிசைப் பிள்ளைகள் தூங்கிவிடும். அப்போதும் அடி தாளத்தில் விழ வேண்டும்.

மடையனைப் போல அவரிடம் ஒரு கேள்வி கேட்டேன்: ‘ணா, உருக்கமான கட்டத்துல நெஜமாவே அழுவீங்களா?’

‘அழுவுறது இன்னா தம்பி கஷ்டம், வீட்டுக்குப் போனா தானா வருது. அழுதுகினே இருக்கும்போது அடுத்த அடிய எடத்துல வெக்கணும். அதான் வேல.’

தீதரோவுக்கு ஒரு முழு நூல் தேவைப்பட்டது.

திரௌபதியம்மன் கோயில் பாரதத்தில் துகில் கூத்து நடக்கும் ராத்திரி பல ஊர்களில் ஒரு வழக்கம் உண்டு. திரௌபதியின் சேலையில் கை வைப்பதற்கு முன் துச்சாதனன் நிற்கிறான். கற்பூரம் ஏற்றுகிறார்கள். துச்சாதனன் வேஷக்காரர் அம்மனிடம் மன்னிப்புக் கேட்டுக் கும்பிடுகிறார். பிறகு அதே கையால் சேலையை இழுக்கிறார், இழுக்கும்போது கூட்டம் நடுங்குகிறது, சிலருக்கு அருள் வந்துவிடுகிறது. முதல்முறை பார்த்தபோது, கும்பிட்டதில் அந்த மாயம் கலைந்திருக்க வேண்டுமே என்று யோசித்தேன். கலையவில்லை, கூடத்தான் செய்தது. தன்னால் துச்சாதனனாக ஆக முடியாது, துச்சாதனனைச் செய்யத்தான் முடியும் என்று அவர் எல்லோர் முன்னாலும் ஒப்புக்கொண்டுவிட்டார். அதன்பின் அந்தக் கை செய்வது அத்தனையும் தேர்ந்து செய்வது. எதிரே அருள் வந்து ஆடுகிற பெண்மணி வாழ்கிறார். கட்டை கட்டியவருக்கு அந்த உரிமை இல்லை. அவரும் அருளில் விழுந்துவிட்டால் அன்றைய ராத்திரி கூத்து நின்றுபோகும்.

பிரெக்ட் 1938-இல் தெருவிபத்து ஒன்றை வைத்து இதையொட்டி எழுதினார். விபத்தைப் பார்த்தவர் சுற்றி நிற்பவர்களுக்கு டிரைவர் எப்படி வந்தார், அடிபட்டவர் எப்படி நடந்தார் என்று செய்து காட்டுகிறார், அவர் டிரைவராக மாற வேண்டியதில்லை, என்ன நடந்தது என்று புரிந்தால் போதும். சிங்கப்பெருமாள்கோயில் – ஒரகடம் ரோட்டு டீக்கடைகளில் வாரம் ஒருமுறையாவது இந்த நாடகம் நடக்கும். டிரெய்லர் லாரியாக ஒரு கை, பைக்காக இன்னொரு கை. சொல்கிறவர் டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டால் அன்றைக்கு விஷயம் பெரிசு என்று அர்த்தம். புரிசை கண்ணப்பத் தம்பிரான் பிரெக்டின் ‘வெள்ளை வட்டம்’ நாடகத்தைக் கூத்தாகவே போட்டார் என்பதை ஏதோ நவீனப் பரிசோதனை மாதிரி எழுதுவார்கள். அவருக்கு அதில் புதிதாக ஒன்றும் இருந்திருக்காது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. கட்டியக்காரனோடு வளர்ந்த மனுஷர்.

சினிமாவுக்கு வருகிறேன். அரிதாரமும் கட்டையும் இல்லாத இடத்தில் இந்த வேலையை எப்படிக் கண்டுபிடிப்பது? நான் கையைப் பார்க்கிறேன், தொழில் புத்தி. தமிழ் சினிமாவில் தொழிலாளி வேஷம் போடாத நாயகன் இல்லை. ஆனால் ஸ்பேனரை எடுத்தவுடனே தெரிந்துவிடும், அதற்கு முன் அவர் அதைத் தொட்டதே இல்லை என்று. முகத்தில் கிரீஸ் இருக்கும், நகக்கண்ணில் இருக்காது.

பிரியதர்ஷனின் ‘காஞ்சிவரம்’ படத்தில் பிரகாஷ்ராஜ் பட்டு நெசவாளியாக வருகிறார். தேசிய விருது வாங்கிக் கொடுத்த வேஷம். மகளுக்குப் பட்டுச்சேலை கட்டி அனுப்புவேன் என்று வாக்குக் கொடுத்தவன், கூலிக்கு நெய்யும் இடத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகப் பட்டு நூலை வாயில் ஒளித்து எடுத்துவருகிறான். எல்லோரும் பேசுவது கடைசிக் காட்சியைப் பற்றி, புத்தி கலங்கிப்போன அந்தச் சிரிப்பைப் பற்றி. எனக்கு அது இரண்டாம் பட்சம். வாய்க்குள் நூலோடு அவர் நடந்துவருவதுதான் அந்த நடிப்பின் மையம். கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். வாயில் நூல் இருந்தால் எச்சில் ஊறும், விழுங்க முடியாது. தாடை இறுகும், இறுகினால் தெரிந்துவிடும். யாராவது பேச்சுக் கொடுத்தால் தொலைந்தது. அந்த நெசவாளி இப்போது நடிக்க வேண்டும், ஒன்றும் இல்லாத மாதிரி, தினமும் போகிற மாதிரி. அவன் நடிகன் இல்லையாதலால் கொஞ்சம் மோசமாக நடிக்க வேண்டும். ஆனால் மாட்டிக்கொள்ளும் அளவு மோசமாகவும் கூடாது. அந்த அரைகுறை நடிப்பை, பெரிய நடிகர் ஒருவர் அளந்து செய்கிறார். கன்னட நாடக மேடையில் பழகி வந்தவருக்குக் குரல்தான் பலம். அதே படத்தில் சங்கம், போராட்டம் என்று அந்த நெசவாளி பேசும் இடங்களில் எனக்குப் பிரகாஷ்ராஜ்தான் தெரிகிறார், நெசவாளி தெரியவில்லை. குரலைப் பிடுங்கிக்கொண்ட இடத்தில் நடிப்பு வந்து உட்கார்ந்துகொள்கிறது.

இந்தப் படத்தை நாங்கள் நாலைந்து பேர் ரூமில் லேப்டாப்பில் பார்த்தோம். வேலைநிறுத்தத்துக்குத் தலைமை தாங்கியவனே தன் தேவைக்காக அதை முடித்துவைக்கும் இடத்தில் ஒருத்தரும் பேசவில்லை. 2024-இல் சுங்குவார்சத்திரத்தில் சாம்சங் தொழிலாளர்கள் சங்கத்துக்காக 37 நாள் வெளியே உட்கார்ந்திருந்த ஊர் இது. ஆனால் நூலை வாயில் வைக்கும் காட்சி வந்தபோது ஒரு நண்பன் தன்னையறியாமல் எச்சிலை விழுங்கினான். விருதுக் கமிட்டியின் தீர்ப்பைவிட எனக்கு அது நம்பகமான விமர்சனம். தினமும் கேட்டில் மெட்டல் டிடெக்டர் முன்னால் கையைத் தூக்கி நிற்கிறவனுக்கு, ஒன்றும் எடுக்காதபோதும் எடுக்காதவன் மாதிரி நிற்க வேண்டியிருக்கிறது என்பது தெரியும்.

‘அப்படின்னா ஓவர் ஆக்டிங் என்று ஒன்று இல்லையா’ என்று கேட்பார்கள். இருக்கிறது. ஆனால் நம் தலைமுறை அந்த வார்த்தையைத் தூரத்தைக் கணக்கில் எடுக்காமல் உபயோகிக்கிறது. சிவாஜி கணேசன் நாடகக் கம்பெனியில் வளர்ந்தவர், கடைசி வரிசைக்கும் புருவம் தெரிய வேண்டும் என்ற கணக்கில் பழகிய உடம்பு. கூத்துக்காரருக்கு அந்தக் கணக்கு இன்னும் பெரிது. கேமரா ஒரு முழ தூரத்துக்கு வந்தபின் அதே அளவு எடுபடாமல் போகலாம். அது அளவு பற்றிய பிரச்சினை, பொய் பற்றிய பிரச்சினை கிடையாது. சத்தமில்லாமல் வெறித்துப் பார்ப்பதையே ‘யதார்த்த நடிப்பு’ என்று இப்போது பலர் ஓட்டுகிறார்கள். ஒன்றும் செய்யாமல் இருப்பதற்கும், செய்வது தெரியாமல் செய்வதற்கும் இடையில் பெரிய தூரம் இருக்கிறது.

அந்தத் தூரத்தை நடந்து கடந்தவர் என்று நான் நினைப்பது பசுபதியை. ந.முத்துசாமி 1977-இல் தொடங்கிய கூத்துப்பட்டறையில் பழகியவர். அந்தப் பட்டறை நடிகர்களுக்குப் பயிற்சி கொடுக்கப் புரிசையிலிருந்து கண்ணப்பத் தம்பிரானே வந்தார், ஆகவே பசுபதியின் உடம்பில் எங்கள் பக்கத்து அடவு கொஞ்சம் இருக்கிறது என்று சொந்தம் கொண்டாடிக்கொள்கிறேன். ‘விருமாண்டி’யில் (2004) ஒரே சம்பவங்களைக் கொத்தாளத் தேவர் ஒரு மாதிரியும் விருமாண்டி வேறு மாதிரியும் சொல்கிறார்கள். முதல் கதையில் பசுபதி தன்னைப் பற்றித் தானே சொல்லிக்கொள்ளும் நல்ல மனுஷர், அடுத்ததில் விருமாண்டியின் கண்ணில் தெரியும் ஆள். அதே மீசை, அதே வேட்டி. இதில் எதை ‘வாழ்வது’? யாருடைய கொத்தாளனை? அடுத்து ‘சார்பட்டா பரம்பரை’ (2021). கபிலன் ஓட்டும் சைக்கிளில் ரங்கன் வாத்தியார் பின்னால் உட்கார்ந்துபோகும் படத்தை மீமாகப் போடாதவர் நம்மில் யாரும் இல்லை. ஏன் அந்த ஃப்ரேம் அத்தனை பேருக்குப் பிடித்தது? கேரியரில் உட்கார்ந்திருக்கும் அந்த முதுகைப் பாருங்கள். தானே வண்டி ஓட்டுவதாக நினைத்துக்கொண்டிருக்கும் முதுகு அது. அது வாத்தியார் முதுகு, அப்பா முதுகு இல்லை. இந்த வித்தியாசத்தை முதுகில் கொண்டுவர எத்தனை வருஷம் ஆகும் என்று எனக்குக் கணக்குத் தெரியாது. எங்கள் லைனில் புதுப் பையன் ஒருவனுக்கு ஸ்டேஷன் ஒப்படைக்க மூன்று வாரம் ஆகிறது.

இங்கே நியாயமான மறுப்பு ஒன்று உண்டு. நடிப்பு அப்படியொரு பயிற்சி என்றால், நடிப்பே தெரியாதவர்கள் சில படங்களில் எப்படி அசத்துகிறார்கள்? லெனின் பாரதியின் ‘மேற்குத் தொடர்ச்சி மலை’ (2018) நல்ல உதாரணம், அந்த மலையடிவார மக்கள் பலர் நடித்த படம். ரங்கசாமியாக வரும் ஆண்டனி அதற்கு முன் நமக்குத் தெரிந்த முகமும் இல்லை. ‘பாருங்க, வாழ்ந்திருக்காங்க’ என்றுதான் அப்போதும் எழுதினார்கள். சுமை தூக்கிப் பழகியவரைச் சுமையோடு மலையேறச் சொன்னால் அவர் நன்றாக ஏறுவார் என்பது உண்மைதான். ஆனால் லைட் போய்விட்டது, இன்னொரு தடவை அதே இடத்திலிருந்து, அதே களைப்போடு, கேமராவைப் பார்க்காமல் ஏறுங்கள் என்று சொன்ன நிமிஷத்திலிருந்து அவர் நடிகர். தூக்கிப் பழகியது முதல் டேக்குக்குத்தான் போதும். மீதி எல்லாம் கற்றுக்கொண்டது, கற்றுக்கொடுக்கப்பட்டது. அதை ‘இயல்பு’ என்று சொல்லும்போது அவர்கள் அந்த நாட்களில் செய்த வேலையை அழித்துவிடுகிறோம். ஆண்டனிக்கு அடுத்தடுத்து எத்தனை பெரிய வேஷம் வந்தது? தானாக வந்ததற்கு யார் சம்பளம் கொடுப்பார்கள்!

அந்தப் படத்தின் முடிவில், நிலம் கைவிட்டுப்போன ரங்கசாமி காற்றாலைக்குக் காவலாளி. யூனிஃபார்மில் உட்கார்ந்திருக்கிறார், கேமரா மேலே போய்க்கொண்டே இருக்கிறது. ஆண்டனி அங்கே ஒன்றும் செய்வதில்லை என்று தோன்றும். ஒரகடம் பக்கத்துக்காரர்களுக்கு அப்படித் தோன்றாது. ஒரு காலத்தில் தாங்கள் உழுத மண்ணில் எழுந்த கேட்டுக்கு வாட்ச்மேனாக நிற்கும் பெரியவர்களை நாங்கள் தினமும் பார்க்கிறோம். அவர்கள் நாற்காலியில் முழுசாகச் சாய மாட்டார்கள். இடம் யாருடையது என்ற சந்தேகம் உடம்பில் இருக்கும். ஆண்டனியும் சாயவில்லை. அந்தச் சாயாமை இயக்குநர் சொல்லி வந்ததா, இவரே கண்டுபிடித்ததா என்பது எனக்கு முக்கியமில்லை. கேமரா ஓடும்போது அது அங்கே இருந்தது.

இப்போது அந்தத் துச்சாதன அண்ணன். காண்ட்ராக்ட் ஆட்களுக்குக் கேட் பாஸ் போடும் ஃபாரத்தில் ஒரு கட்டம் இருக்கிறது: ஸ்கில்டு, செமி ஸ்கில்டு, அன்ஸ்கில்டு. ஐடிஐ சர்ட்டிஃபிகேட் இருந்தால் ஒரு டிக், வேறு கம்பெனி அனுபவம் இருந்தால் ஒரு டிக். அவருக்கு இரண்டும் இல்லை. எட்டு மணி நேரம் பாடி, ஆடி, எடை தாங்கி, நாலு வாத்தியத்தோடு ஒத்துப்போய், சிரிக்கவும் நடுங்கவும் வைக்கிற ஆளுக்கு மூன்றாவது கட்டத்தில் டிக் போட்டார்கள். போட்டவரைச் சொல்லிக் குற்றமில்லை, ஃபாரத்தில் வேறு கட்டம் கிடையாது. ஆனால் ‘வாழ்ந்திருக்கிறார்’ என்று எழுதும் நம் விமர்சகர்கள் போடுவதும் அதே டிக்தான் என்று எனக்குத் தோன்றும். தானாக வருவது, கற்காமல் கிடைத்தது, அன்ஸ்கில்டு.

காஞ்சிபுரம் பக்கம் புஞ்சரசந்தாங்கலில் பெ.ராஜகோபாலும் ஹன்னே டி ப்ரூய்னும் 2002-இல் கட்டைக்கூத்துக் குருகுலம் தொடங்கினார்கள். பிள்ளைகள் தங்கிப் பள்ளிப் படிப்பையும் கூத்தையும் சேர்த்துக் கற்ற இடம். ஆண்களே ஆடிவந்த வேஷங்களைப் பெண்பிள்ளைகள் கட்டிய இடம். நடிப்பு கற்றுத் தரக்கூடியது, அதற்குப் பல வருஷம் பிடிக்கும், அதற்குப் பாடத்திட்டம் இருக்கிறது என்பதை இந்த வட்டாரத்தில் ஒரு கட்டடமாகவே கட்டிக் காட்டினார்கள். இப்போது அந்தப் பள்ளி இல்லை. கூத்து இருக்கிறது, பங்குனி பிறந்தால் ஊர் ஊராகப் பாரதம் வைக்கிறார்கள். ஆடுகிற பையன்களில் பலர் பகலில் ஏதாவது ஒரு கம்பெனி ஐடி கார்டைக் கழுத்தில் மாட்டியிருக்கிறார்கள்.

வரும் சனிக்கிழமை வந்தவாசிப் பக்கம் ஒரு ஊரில் துகில். அண்ணனுக்கு அந்த வாரம் சி ஷிப்ட் விழுந்திருக்கிறது. மாத்திக்கொள்ள ஆள் தேடிக்கொண்டிருக்கிறார். லீவு கேட்கவில்லையா என்றேன். ‘இன்னான்னு சொல்லிக் கேக்குறது? போன மாசம் ஒடம்பு சரியில்லன்னு சொன்னேன். சூப்பர்வைசர் மூஞ்சியப் பாத்துட்டு, நடிக்காதடான்ட்டாரு.’